ஒற்றைப்படைக்குச் சயாம் அரிசி

"அறிவியலும் ஒரு நம்பிக்கைதான். நாங்க சாமியை நம்புறோம், நீங்க சயின்ஸை நம்புறீங்க. அப்படி என்ன பெரிய வித்தியாசம்?"

கோலாலம்பூரில் நம்மவர்கள் கூடும் இடமெல்லாம் இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வடிவில் வந்துவிடும். கல்யாண மண்டபத்தில் சாப்பாட்டுக்குக் காத்திருக்கும் நேரத்தில் வரும். கருமாதி வீட்டுப் பந்தலில் வரும். தைப்பூசம் முடிந்த வாரம் குடும்ப வாட்ஸாப்பில் நிச்சயம் வரும். மருத்துவ ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறவள் என்பதால் கடைசியில் என் பக்கம்தான் எல்லாரும் திரும்புவார்கள். "நாங்கள் சான்றை மட்டும்தான் ஏற்போம்" என்று சொல்லிவிட்டு அப்பளத்தை நொறுக்கலாம். ஆனால் கேட்கிறவர்களிடம் பாதி நியாயம் இருக்கிறது. அதைக் கொடுத்துவிட்டுத்தான் மீதியைப் பேச முடியும்.

கொடுத்துவிடுகிறேன். எலெக்ட்ரானை நான் பார்த்ததில்லை. பத்துமலைச் சுண்ணாம்புப் பாறைக்குச் சுமார் 40 கோடி வயது என்று அக்காள் பிள்ளைகளிடம் படியேறும்போது சொல்லியிருக்கிறேன். அதை அளந்தவள் நான் இல்லை. புத்தகத்தில் இருந்தது, நம்பினேன். நான் அன்றாடம் தொடும் ரீஏஜெண்ட் (சோதனை ரசாயனம்) பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்பதுகூட லேபிள் சொல்லித்தான் தெரியும். எனக்குத் தெரிந்த அறிவியலில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு அடுத்தவர் சொன்னது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் மறைக்கவும் கூடாது.

மீதியை என் வேலையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். காலையில் கூடத்துக்குள் நுழைந்ததும் நோயாளிகளின் ரத்தத்தை மெஷினில் ஏற்ற மாட்டோம். முதலில் கன்ட்ரோல். பிரிட்ஜிலிருந்து சின்னக் குப்பிகளை எடுத்து வெளியே வைத்து, குளிர் தணிந்ததும் மெல்லக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கலக்க வேண்டும். வேகமாகக் குலுக்கினால் நுரை வரும்; நுரை வந்தால் மெஷின் உறிஞ்சும் அளவு தப்பும். அந்தக் குப்பியில் இருக்கும் சீரத்தில் குளுகோஸ் எவ்வளவு, கொலஸ்ட்ரால் எவ்வளவு என்பது முன்பே தெரிந்த விஷயம். ஒரு குப்பி ஆரோக்கியமானவர் அளவில், இன்னொன்று நோயாளியின் அளவில். மெஷின் சொல்லும் எண்ணை வரைபடத்தில் புள்ளியாக வைப்போம். நடுக்கோட்டுக்கு மேலும் கீழும் எல்லைக்கோடுகள் இருக்கும். புள்ளி வெளிக்கோட்டைத் தாண்டினால், காரணம் தெரிந்து சரிசெய்யும்வரை அந்தச் சோதனையின் முடிவு ஒன்றுகூட வெளியே போகக்கூடாது. வார்டிலிருந்து யார் போன் போட்டுக் கத்தினாலும் சரி. "பசியாறியாச்சா?" என்று கேட்பதற்கு முன்பே எங்களுக்குள் "கியூசி பாஸ் ஆச்சா?" (தரச் சோதனை தேறியதா) என்ற விசாரிப்பு வந்துவிடும்.

முன்பு நான் வேலை பார்த்த ஓரிடத்தில் வேறொரு பழக்கம் இருந்தது. கன்ட்ரோல் வெளியே போனால் மறுபடி ஓட்டு. அதுவும் போனால் இன்னொரு தடவை. எப்போது கோட்டுக்குள் விழுகிறதோ அந்த எண்ணை மட்டும் எழுதிக்கொள். அதே மெஷின், அதே குப்பி, அதே வெள்ளைக் கோட்டு. வரைபடம் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருக்கும். தணிக்கைக்கு வருகிறவர் தாளைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவார். அங்கே நடந்தது அறிவியல் இல்லை, சடங்கு. மெஷினுக்கு 'இல்லை' என்று சொல்லவே அனுமதி கிடையாது என்றால், அது சொல்லும் 'ஆமாம்' யாருக்கு வேண்டும்?

சான்றா நம்பிக்கையா என்ற சண்டையில் நான் பிடித்துக்கொண்டிருக்கும் நூல் இதுதான். யார் எதை நம்புகிறார் என்பது எனக்கு இரண்டாம் பட்சம். அவர் நினைத்தது தப்பென்று சொல்ல எதற்காவது இடம் விட்டு வைத்திருக்கிறாரா என்றுதான் பார்ப்பேன்.

என் மாமா இதை இவ்வளவு சுலபமாக விடமாட்டார். செந்தூல் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "ஏம்மா, அந்தக் குப்பியில இவ்வளவு இருக்குன்னு உனக்கு யார் சொன்னா?" என்றார். தயாரித்த கம்பெனி. "கம்பெனிக்கு?" அவர்கள் அதைவிட நுட்பமான முறையில், அதைவிடச் சுத்தமான பொருளோடு ஒப்பிட்டு அளந்திருப்பார்கள். "அதுக்கு மேல?" மேலே போகப் போக, கடைசியில் கிலோகிராம், மோல் என்ற அலகுகளில் போய் முட்டும். 2019 மே 20 வரை உலகத்துக் கிலோகிராம் என்பது பாரிஸுக்குப் பக்கத்தில் பூட்டி வைத்திருந்த ஓர் உலோக உருளை. அன்றிலிருந்து பிளாங்க் மாறிலி என்ற இயற்பியல் அளவுக்கு ஒரு குறிப்பிட்ட எண்ணை நிர்ணயித்து அதை வைத்து வரையறுக்கிறார்கள். அதாவது உச்சியில் நிற்பது நிரூபணம் இல்லை, உலகம் கூடி எடுத்த ஒரு முடிவு. மாமாவுக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா, கடைசியில நீங்களும் ஒரு கல்லை நட்டுத்தான் கும்பிடுறீங்க!"

நல்ல அடிதான். ஆனால் இதே மாமா செய்த ஒரு காரியத்தையும் சொல்ல வேண்டும். அவருக்கு இனிப்பு நீர். வீட்டில் சுகர் பார்க்கும் மெஷின் வாங்கிக் கொடுத்தேன். அரசாங்க கிளினிக்கில் ரத்தம் எடுக்கச் சொன்ன காலையில், மனிதர் வெறும் வயிற்றோடு மெஷினையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். நர்ஸ் கையில் ஊசி குத்தி முடித்த கையோடு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து விரல் நுனியைக் குத்தி, ரத்தத்துளியைப் பிதுக்கி, பட்டையை வைத்துப் பார்த்திருக்கிறார். மெஷின் லிட்டருக்கு 7.9 மில்லிமோல் என்றது. கிளினிக் முடிவு 7.3. "உன் மெஷின் பொய் சொல்லுது" என்று என்னிடம் வந்து நின்றார். கையேட்டை எடுத்துக் காட்டினேன். இந்த அளவில், கூடத்து முடிவிலிருந்து 15 விழுக்காடு முன்பின் இருக்கலாம் என்பது உலகத்தரம். நூறு அளவீட்டில் 95 அதற்குள் விழுந்தால் போதும். மாமாவின் வித்தியாசம் எட்டு விழுக்காடு. பட்டறையில் கேஜை வைத்துக்கொண்டு வாழ்ந்தவருக்கு அது உடனே புரிந்தது. "அப்ப டாலரன்ஸ்னு சொல்லு" என்றார், பிணக்கு தீர்ந்தவராக. எவ்வளவு தப்பாகலாம் என்பதைத் தானே அச்சடித்துக் கொடுக்கும் பொருளை அவருக்குப் பிடித்துப்போனது. யாரும் சொல்லிக்கொடுக்காமலே ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் அளந்து ஒப்பிட்டவர், அறிவியல் நம்பிக்கை என்று என்னிடமே வாதாடுகிறார். என்ன செய்வது!

இனி அரிசிக்கு வருகிறேன். இந்தப் பேச்சுக்கு இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியாது. அதோடு, இது நம்ம ஊர்க் கதை.

நூறு வருஷத்துக்கு முன்பு மலாயாவை உலுக்கிய நோய்களில் ஒன்று பெரிபெரி. கால் மரத்துப் போகும், நடை தள்ளாடும். சிலருக்கு உடம்பெல்லாம் நீர் கோத்து இதயம் நின்றுவிடும். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனர்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். அதே ஊரில், அதே வெயில் மழையில், தோட்டத்து லயங்களில் நெருக்கியடித்துக் கிடந்த தமிழர்களுக்கு அது அநேகமாக வரவில்லை. நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராக இருந்த பிராடன் இதைக் கவனித்து, சோற்றுப் பானைக்குள் எட்டிப் பார்த்தார். சீனர்கள் சாப்பிட்டது சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) வந்த, நன்றாகத் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. தமிழர்கள் சாப்பிட்டது புழுங்கலரிசி. அரிசிதான் காரணம் என்றார் பிராடன். பலர் ஏற்கவில்லை. ஏதோ கிருமி, கட்டடத்தின் ஈரம், இடத்தின் தோஷம் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள்.

கோலாலம்பூரில் வில்லியம் ஃப்ளெட்ச்சர் என்றொரு மருத்துவர். மனநோயாளிகள் காப்பகம் அவர் பொறுப்பில் இருந்தது. (தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனை வந்தது 1911இல்தான். "உன்னை ரம்புத்தானுக்கு அனுப்பணும்" என்று நாம் திட்டுவதற்கு அப்போது வழியில்லை.) 1905இல் காப்பகத்தில் பெரிபெரி தலைவிரித்து ஆடியது. அந்த டிசம்பரில் நோயாளிகள் எல்லாரையும் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி, இடமிருந்து எண்ணச் சொன்னார். ஒற்றைப்படை எண் வந்தவர்கள் முற்றத்தின் கிழக்குப் பக்க வார்டுக்கு. அவர்களுக்கு வழக்கமான சயாம் அரிசி. இரட்டைப்படை மேற்குப் பக்கத்துக்கு. அவர்களுக்கு இந்தியப் புழுங்கலரிசி. மற்ற சாப்பாடெல்லாம் ஒன்றே. இடத்தின் தோஷமோ என்ற சந்தேகத்தைத் தீர்க்க, நடுவில் இரு கூட்டத்தையும் வார்டு மாற்றிக் குடிவைத்தார். அரிசி மட்டும் மாறவில்லை.

ஒரு வருஷம் போனது. வெள்ளை அரிசி சாப்பிட்ட 120 பேரில் 43 பேருக்கு பெரிபெரி; 18 பேர் செத்துப்போனார்கள். புழுங்கலரிசி சாப்பிட்ட 123 பேரில் இரண்டு பேருக்குத்தான் நோய், அதுவும் வரும்போதே கொண்டு வந்தது. பெரிபெரிச் சாவு ஒன்றுமில்லை. 1907இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டார்.

இதில் என்னை உட்கார்த்தி வைக்கிற விஷயம் வேறு. சோதனையைத் தொடங்கும்போது ஃப்ளெட்ச்சர் அரிசிக் கட்சிக்காரர் இல்லை. அரிசிக்கும் நோய்க்கும் சம்பந்தமில்லை என்ற எண்ணத்தில்தான் இருந்தார். தன் எண்ணம் தோற்றுப்போகக்கூடிய விதத்தில் ஒரு வரிசையை நிறுத்தினார், அது தோற்றது, தோற்றதை அச்சில் போட்டார். மறுபக்கம் பிராடனைப் பாருங்கள். அவர் கைகாட்டிய அரிசி சரி, சொன்ன காரணம் தவறு. பழைய அரிசியில் ஏதோ விஷம் உண்டாகிறது என்று நம்பினார். விஷம் இல்லை, சத்துக் குறைதான் என்பது ஃப்ரேசர், ஸ்டாண்டன் என்ற இருவர் வந்து ஜெலுபு பக்கம் துரியான் தீப்பூஸில் சாலை போட வந்த ஜாவாக்காரத் தொழிலாளர்களிடம் சோதித்து, தீட்டும்போது போகும் தவிட்டோடு ஏதோ ஒன்று போகிறது என்று காட்டிய பிறகுதான் தெளிந்தது. அவர்கள் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வு நிலையத்தைச் சேர்ந்தவர்கள். 1900இல் தொடங்கிய அந்த நிலையத்தின் வாசலை ஜாலான் பஹாங்கில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் பலமுறை கடந்திருப்பார்கள். அந்த 'ஏதோ ஒன்று' படிகமாகக் கைக்கு வந்தது 1926இல், ஜாவாவில். அதுதான் தயமின், அதாவது வைட்டமின் பி1. நெல்லை அவிக்கும்போது அது தவிட்டிலிருந்து அரிசிக்குள் இறங்கிக்கொள்கிறது, பிறகு தீட்டினாலும் முழுதாகப் போவதில்லை.

இந்தக் கதையைச் சொன்னதும் ஒரு குரல் கட்டாயம் எழும்: "பாத்தீங்களா, நம்ம முன்னோர்கள் முட்டாள் இல்ல!" முட்டாள்கள் இல்லைதான். ஆனால் அவர்கள் நெல்லை அவித்தது பெரிபெரிக்கு மருந்தாக இல்லை. அவித்தால் உமி சுலபமாகக் கழலும், குத்தும்போது அரிசி நொறுங்காது. சாமிக்குப் படைக்க நாம் எடுப்பது பச்சரிசியைத்தான். உயிரைக் காத்தது அடுப்படிப் புழுங்கல். வழக்கம் நம்மைக் காப்பாற்றியது, காப்பாற்றுகிறது என்பது தெரியாமலே. தெரியாததால் சீன அண்டை வீட்டுக்காரருக்குச் சொல்லிக் கொடுக்கவும் முடியவில்லை. பெரிபெரிக்குத் தப்பிய அதே தமிழர்கள் அதே லயத்தில் மலேரியாவில் மடிந்தார்கள். முன்னோர் வழக்கத்தில் அதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

இந்தச் சோதனையை நான் கொண்டாடிச் சொல்கிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். அந்த வரிசையில் நின்றவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. கேட்டாலும் பலருக்குப் புரிந்திருக்காது. எண்ணும்போது ஒரு இடம் தள்ளி நின்றிருந்தால் பிழைத்திருக்கக்கூடியவர்கள் செத்தார்கள். மாதக்கணக்கில் ஒரு பக்கம் மட்டும் பிணம் விழுவதைப் பார்த்த பிறகும் சோதனை ஆண்டு முழுக்க ஓடியது. இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் இதை ஒரு நாள் அனுமதிக்காது. என் தட்டில் இருக்கும் சான்றுக்கு அவர்கள் விலை கொடுத்தார்கள். அவர்கள் பெயர் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

தத்துவம் படித்தவர்கள் இங்கே வேறொரு கேள்வி போடுவார்கள். காப்பகத்தில் நடந்தது துரியான் தீப்பூஸிலும் நடக்கும் என்பதற்கு என்ன சான்று? நேற்று நடந்தது நாளையும் நடக்கும் என்பதே நம்பிக்கைதானே? டேவிட் ஹியூம் 18ஆம் நூற்றாண்டிலேயே கேட்டுவிட்டார், இன்னும் யாரும் முழுதாகப் பதில் சொல்லவில்லை. சொல்லாமலே வேலை நடக்கிறது, ஏனென்றால் வேலை செய்கிறவர்கள் அதை அப்படியே நம்பிவிடுவதில்லை, ஒவ்வோர் இடமாகப் போய்ப் பார்க்கிறார்கள். மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் 1901இல் கிள்ளானில் காட்டைத் திருத்திச் சதுப்பை வடித்தார், மலேரியா இறங்கியது. அதே காடு வெட்டலை மலைச்சரிவுத் தோட்டங்களில் செய்தபோது மலேரியா ஏறியது. தாழ்நிலத்துக் கொசுவுக்கு நிழல் விழுந்த தேங்கல் நீர் வேண்டும். மலையில் இருந்த கொசுவுக்கு வெயில் படும் தெளிந்த ஓடை. மரத்தை வெட்டியதும் அதற்கு மாளிகை கட்டிக்கொடுத்தது போல் ஆயிற்று. வாட்சன் கிள்ளான் வெற்றியைக் கட்டிக்கொண்டு அழவில்லை. ஓடையை நிலத்தடிக் குழாய்க்குள் இறக்கினார்.

கட்டிக்கொண்டு அழுத கதையும் இந்த நாட்டில் உண்டு. என் தலைமுறைக்கு அது நன்றாக ஞாபகம் இருக்கும். 1998 செப்டம்பர் வாக்கில் ஈப்போ பக்கத்துப் பன்றிப் பண்ணைகளில் மூளைக் காய்ச்சல். பிறகு நெகிரி செம்பிலானில் சிக்காமாட், அடுத்து புக்கிட் பெலாண்டோக். பண்ணைக்காரர்கள் பெரும்பாலும் சீனர்கள். பண்ணைகளில் கூலிக்கு இருந்த நம்மவர்கள் சிலரும் விழுந்தார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றது அரசாங்கம். அப்படிச் சொன்னதற்கும் ஆதாரம் இல்லாமல் இல்லை. பன்றி இருக்கும் இடத்தில் வருகிற நோய்தான் அது, தொடக்கத்தில் சிலரின் ரத்தமும் அப்படித்தான் காட்டியது. ஊரெல்லாம் கொசுப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள்.

நோயோ சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பிள்ளைகளைத்தான் அதிகம் பிடிக்கும். இங்கே பன்றியைத் தொட்டு வேலை செய்த வளர்ந்த ஆண்கள் விழுந்தார்கள். பக்கத்துக் கம்பத்து (கிராமத்து) மலாய்க்காரர்களையும் அதே கொசுதான் கடித்தது, அவர்களுக்கு வரவில்லை. ஊசி போட்டவர்களுக்கும் வந்தது. பன்றிகளே வெகுதூரம் கேட்கும்படி குரைத்துக் குரைத்து இருமிச் செத்தன. ஜப்பானிய மூளைக்காய்ச்சலில் பன்றி அப்படிச் சாகாது என்று பண்ணைக்காரர்களுக்குத் தெரியும். எண்கள் வெளிக்கோட்டைத் தாண்டித் தாண்டி விழுந்துகொண்டே இருந்தன. மறுபடி ஓட்டு, மறுபடி ஓட்டு என்று மாதங்கள் போயின. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் சுவா காவ் பிங் என்ற இளம் வைரஸ் மருத்துவர், சுங்கை நீப்பா கிராமத்து நோயாளியின் தண்டுவட நீரிலிருந்து ஒரு வைரஸை வளர்த்தெடுத்தார். அது வளர்ப்புச் செல்களை ஒன்றோடொன்று ஒட்டி உருக்குலைத்த விதம் வேறாக இருந்தது. அமெரிக்காவுக்குக் கொண்டுபோய்ப் பார்த்ததில் முற்றிலும் புதிய வைரஸ்: நிப்பா. கொசு அல்ல, பன்றிதான் கடத்துகிறது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொன்றார்கள், நோய் நின்றது. அதற்குள் 265 பேருக்கு வந்து 105 பேர் போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

"சயின்ஸும் நம்பிக்கைதான்" என்கிறவர்களுக்கு இது நல்ல ஆயுதம், எடுத்துக்கொள்ளட்டும். வெள்ளைக் கோட்டு, ஆய்வுக்கூடம், அறிக்கை எல்லாம் இருந்தும் மாதக்கணக்கில் அங்கே ஓடியது நம்பிக்கைதான். ஆனால் அதை உடைத்தது வேறொரு நம்பிக்கை இல்லை. ஒரு தட்டில் வளர்ந்த வைரஸ்.

வைரஸ் பன்றிக்கு எங்கிருந்து வந்தது? பழந்தின்னி வௌவாலிடமிருந்து. சுவா குழுவினர் தியோமான் தீவில் வௌவால்கள் தொங்கும் மரத்தடியில் பிளாஸ்டிக் விரிப்பை விரித்து, விழும் மூத்திரத்தைச் சேகரித்து, அதிலிருந்தே வைரஸை எடுத்துக் காட்டினார்கள். சரி, வௌவால் ஏன் பண்ணைக்கு வந்தது? 1997இல் இந்தோனேசியக் காடுகள் எரிந்து நாடே புகைமூட்டத்தில் மூழ்கியதே, அந்தப் புகைதான் பழமில்லாமல் அடித்து வௌவால்களை விரட்டியது என்றொரு விளக்கம் வந்தது. அழகான விளக்கம். இன்றும் பலர் அதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் பின்னால் தோண்டிப் பார்த்ததில், ஈப்போ பக்கம் 1997 ஜனவரியிலேயே மனிதர்களுக்கு இந்த நோய் வந்திருந்தது தெரிந்தது. புகை சூழ்ந்தது அந்த வருஷம் பிற்பாதியில். பண்ணையில் பன்றிக் கொட்டகைக்கு ஒட்டியே மாமரங்கள் இருந்தன. வௌவால் வருவதற்குக் காடு எரிய வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

மாமாவிடம் இந்தத் தேதிகளை எழுதியே காட்டினேன். தாளை வாங்கிக் கண்ணாடியை ஏற்றி நிதானமாகப் படித்தார்.

"இதெல்லாம் நீ படிச்சதும்மா. புகையை நான் பாத்தேன்" என்றார்.